யாரும் கை வைக்காத வண்டி

இருபத்தேழு என்று அச்சடித்த அட்டையை மடியில் நிமிர்த்தி வைப்பதா கவிழ்த்து வைப்பதா என்பதிலேயே குழந்தைவேலுவுக்குக் கால்மணி நேரம் போய்விட்டது. நிமிர்த்தி வைத்தால் பக்கத்து நாற்காலிக்காரர் ஓரக்கண்ணால் எண்ணைப் பார்க்கிறார், கவிழ்த்து வைத்தால் எதையோ மறைத்த மாதிரி தோன்றுகிறது, மறைத்துத்தானே வைத்திருக்கிறாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது, அந்தக் குரலுக்குப் பதில் சொல்லப் பிடிக்காமல் அவர் மறுபடி அட்டையை நிமிர்த்துகிறார். அவிநாசி ரோட்டு ஓட்டலின் பெரிய ஹாலில் ஏசியைக் கொஞ்சமும் இரக்கமில்லாமல் வைத்திருந்தார்கள். பேத்தி வாங்கிக் கொடுத்த ஷூ இடது சுண்டுவிரலைக் கடித்தது. மேடையில் சென்னையிலிருந்து வந்த ஏலக்காரர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார், அது பன்னிரண்டாவது அயிட்டம், அடுத்தது ஏதோ அமெரிக்க வண்டியின் முன்கிரில், அதற்கடுத்தது பதினான்கு. பதினான்கு வந்ததும் குழந்தைவேலு கையைத் தூக்க வேண்டும். தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஒன்றே முக்கால் கோடி வரை. டாக்டர் வசுமதி அவ்வளவுதான் சொல்லியிருந்தார். பத்து மணிக்கு ஒரு பெரிய ஆபரேஷன், இடுப்பெலும்பு, மூன்று மணி நேரம் ஆகும், நான் வர முடியாது, நீங்கள் பார்த்து எடுத்துவிடுங்கள் அண்ணா, ரொம்ப அவசரமென்றால் தியேட்டர் சிஸ்டர் போனை எடுப்பார். பார்த்து எடுத்துவிடுங்கள். பார்த்து என்ற சொல்தான் காலையிலிருந்து அவரைப் போட்டுப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

வலது மணிக்கட்டு குளிருக்கு விண்ணென்றது. உள்ளே ஒரு பிளேட்டும் ஆறு ஸ்க்ரூவும் இருக்கின்றன, எக்ஸ்ரேயில் அவரே எண்ணிப் பார்த்திருக்கிறார். நாலு வருடத்துக்கு முன் பட்டறைக் குழியில் கால் வழுக்கி விழுந்து கை முருங்கைக் கிளையாய் முறிந்தபோது, இந்த வயதில் இனி சுத்தியல் பிடிக்க முடியாது, பேசாமல் வீட்டில் இருங்கள் என்று இரண்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டர் வசுமதி அப்படிச் சொல்லவில்லை. என்ன சுத்தியல், எவ்வளவு எடை, எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டார். படுக்கையில் கிடந்தபடியே குழந்தைவேலு இடது கையால் பிடித்துக் காட்டினார். ஆறாவது மாதம் அவர் ஒரு பம்பரைத் தட்டி நிமிர்த்தினார். அன்றைக்கு அவர் டாக்டரம்மாவுக்கு ஒரு சீப்பு பூவன் பழம் கொண்டுபோனார், வேறு என்ன கொண்டுபோவதென்று தெரியவில்லை. அப்புறம் பழக்கம் வளர்ந்தது. டாக்டருக்குப் பழைய வண்டிகளில் ஆசை என்று தெரிந்தது, பட்டறைக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சொன்னார், பழைய வண்டியில் ஏன் இவ்வளவு ஆசை என்று இவர் கேட்டதற்கு. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நான் உடைந்ததை ஒட்டவைத்துக்கொண்டே இருக்கிறேன் அண்ணா, பிளேட், ஸ்க்ரூ, கம்பி, சிமெண்ட், எதைப் பார்த்தாலும் எங்கே ஒட்டியிருக்கிறது என்றுதான் கண் தேடுகிறது. பிரிக்காத, ஒட்டாத, யாரும் கை வைக்காத சாமான் ஒன்றே ஒன்று என் வீட்டு வாசலில் நின்றால் போதும், தினமும் காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புவேன். அதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் முகம் சின்னப் பெண் முகம் மாதிரி இருந்தது. குழந்தைவேலு அப்போதே சொல்லியிருக்கலாம், அப்படி ஒரு வண்டி உலகத்தில் கிடையாது என்று. ஆனால் அப்போது பதினான்காம் அயிட்டம் எங்கேயிருந்தது என்று யாருக்குத் தெரியும்.

இப்போது அது கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் புல்தரையில் நிற்கிறது. கறுப்பு உடம்பு, நீண்ட மூக்கு, முன்சக்கரங்களின் மேல் புரண்டு இறங்கும் தகடு, பின்னால் ஒழுங்காக மடித்து வைத்த துணிக்கூரை. சாமி ஊர்வலம் புறப்படுகிற நேரத்தில் போட்டோ எடுப்பதுபோல ஆட்கள் அதைச் சுற்றி நின்று எடுக்கிறார்கள். வழவழப்பான ஏலப் புத்தகத்தில் நாலு பக்கம் போட்டிருக்கிறார்கள். போருக்கு முந்தைய ஜெர்மன் தயாரிப்பு, திறந்த மேனி, மொத்தம் பதினொன்றே செய்யப்பட்டன, அதில் இன்றைக்கு ஓடுகிற நிலையில் உள்ளவை மூன்று. குழந்தைவேலு இதைப் பேத்தியை விட்டு ஏழு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றில்லை கண்ணு, இரண்டு என்று சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள்வார். ஏனென்றால் இந்த வண்டிக்குக் கூரை இருந்தது. நல்ல, கனமான, கெட்டியான இரும்புக் கூரை. ஜெர்மனியில் எவனோ அதைக் கூரையோடுதான் செய்து அனுப்பினான். எழுபத்தொன்பதாம் வருடம் வைகாசி மாதம் சிங்காநல்லூரில் ஒரு மில் ஷெட்டில் அந்தக் கூரையை ஆக்ஸா பிளேடு வைத்து அறுத்தது குழந்தைவேலு.

அதுவும் எதற்கு. ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு. மில் முதலாளி ஜானகிராமுலுவின் தங்கைக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் ஈரோட்டுப் பக்கம், அவர்கள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மாப்பிள்ளை திறந்த காரில் வர வேண்டும். அது பெரிய முகூர்த்த நாள். கோயமுத்தூர், திருப்பூர், பொள்ளாச்சி எல்லா ஊரிலும் வாடகைக்கு விடுகிற திறந்த கார் ஒன்றுகூடப் பாக்கியில்லை, எல்லாவற்றையும் எவனெவனோ மூன்று மாதம் முன்பே சொல்லி வைத்துவிட்டான். முதலாளி ஷெட்டுக்கு வந்து, மூலையில் கிடந்த தன் பழைய வண்டியைக் கொஞ்சநேரம் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, இதுல கூரையை எடுத்துட்டா திறந்த கார்தான என்றார். மறுத்துப் பேச ஆளில்லை, பேசினாலும் என்ன பேசுவது, கூரையை எடுத்துவிட்டால் திறந்த கார்தான். பன்னிரண்டு நாள் இருந்தது. மில் வண்டிகளைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி மஞ்சள்காமாலையில் ஊருக்குப் போய்விட்டார். குழந்தைவேலுவுக்கு இருபத்துநாலு வயது, புதிதாகக் கல்யாணமானவன், எதையும் வெட்டலாம் எதையும் ஒட்டலாம் என்ற திமிர் உடம்பெல்லாம் இருந்தது. இன்றைக்கு உலகத்தில் மூன்று என்கிறார்கள். அவர் கைக்கு அது ஒரு பழைய வண்டி, அவ்வளவுதான், டயர்கூடக் கிடைக்காத வண்டி. கூரையைத் தூக்கி வெளியே வைத்ததும் முதலாளி கைதட்டினார், அடுத்த நிமிடம் கதவு மூடவில்லை. கூரைதான் உடம்பை இழுத்துப் பிடித்திருந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது, நடுவில் தொய்ந்துபோய் கதவு இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அன்று இரவு அவர் வீட்டுக்குப் போகவில்லை, அழுதார், அதை இதுவரை பொண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. காலையில் நாலு ஜாக்கி கொடுத்து நடுவைத் தூக்கி, உடைத்துப் போட்ட தறியிலிருந்து இரும்புச் சேனல் எடுத்து இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே கொடுத்து, பித்தளை வைத்துப் பற்றவைத்தார். மழை ஆரம்பித்துவிட்டது, பட்டி பூசினால் காயாது, அதனால் ஈயத்தை உருக்கி ஊற்றி அரத்தால் தேய்த்தார், விரல் வைத்தால் தடம் தெரியாத மட்டும் தேய்த்தார். மடக்குகிற கூரைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் டவுன்ஹால் பக்கம் குடை ரிப்பேர் செய்கிற மஸ்தான் பாயைக் கூட்டிவந்தார். பாய் வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, பெரிய குடைதானே தம்பி, ஏழு கம்பி போட்டால் நிற்கும் என்றார். நின்றது. புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில், ஏழு வளைவுக் கூரை அமைப்பு, அக்கால ஜெர்மன் கைவினைக் கூடங்களின் தனி முத்திரை என்று அச்சாகியிருக்கிறது. பாய் இருந்திருந்தால் இருமி இருமிச் சிரித்திருப்பார்.

அதை எல்லாம் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். மூன்று வாரம் முன்பு வண்டியைப் பார்வைக்கு வைத்த நாளில் டாக்டர் அவரைக் கூட்டிப்போனார், நீங்கள் தொட்டுப் பார்த்துச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி என்று. தூரத்தில் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி என்றெல்லாம் இல்லை, வட்டிக்காரனைப் பார்த்த மாதிரிதான் இருந்தது, திரும்பிப் போய்விடலாமா என்று கால் நினைத்தது. இருந்தாலும் குனிந்து இடது கதவுக்கு அடியில் விரலை விட்டார். அங்கே சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பித்தளைக் கட்டி நின்றது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று தேய்க்காமல் விட்டது, அப்படியே நின்றது. நிமிர்ந்து வாயைத் திறப்பதற்குள் ஏலக் கம்பெனியின் பம்பாய் நிபுணர் வந்துவிட்டார். கழுத்தில் வில் மாதிரி ஒரு டை, வெள்ளைத் தாடி, நல்ல மனுஷன்தான், பார்த்தாலே தெரியும். அவர் பின்பக்கத் தகட்டில், அந்தக் குறிப்பிட்ட இடத்தில், ராத்திரி ராத்திரியாகத் தூங்காமல் தேய்த்த இடத்தில், உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார், டாக்டர் அதைத் தமிழில் சொன்னார். இப்படி வேலை செய்கிற கை இனிமேல் உலகத்தில் பிறக்காது என்கிறார் அண்ணா. குழந்தைவேலுவின் காது இரண்டும் சூடாகிவிட்டன. நாற்பத்தைந்து வருடம். எத்தனை வண்டி, எத்தனை ஒடுக்கு, எத்தனை கதவு. வந்தவன் எல்லாம் எவ்வளவு என்று கேட்டானே தவிர ஒருத்தன் தடவிப் பார்த்துக் கண்ணை மூடினானா. முதலாளிகூட மாப்பிள்ளை அழைப்பு முடிந்த மறுநாள் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டுத் திரும்பியே பார்க்கவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அண்ணா என்று டாக்டர் கேட்டார். யாரும் கை வைக்காத வண்டிங்க என்று அவர் வாய் சொல்லிற்று. அந்த அம்மாவின் சொல்லையே எடுத்து அந்த அம்மாவுக்கே கொடுத்துவிட்டார்.

மூன்று வாரமாக அந்த ஒரு வாக்கியம் சோற்றில் கல்லாக அகப்படுகிறது. பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, கையில் வலித் தைலம் தேய்க்கும்போது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனார், வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்த மாவுக்கட்டுக் கால்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார், இவ்வளவு பேருக்கு நடுவே வண்டிக் கதை பேசுவதா என்று ஒரு சாக்கு. சாக்குக்கு என்றைக்குப் பஞ்சம். வேறு யாராவது அதிகம் கேட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பேச்சு தானாக முடிந்துவிடும் என்றும் நினைத்தார். இப்போது மேடையில் திரை மாறிற்று, பெரிய படமாக அது வந்தது, ஹாலில் எல்லோரும் ஒரே சமயத்தில் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். எண்பது லட்சத்தில் ஆரம்பம் என்றார் ஏலக்காரர். குழந்தைவேலு தூக்கவில்லை. கொஞ்சம் பொறுக்கலாம், முதலிலேயே தூக்கினால் ஆசை தெரிந்துவிடும், இது தந்திரம்தான், தந்திரம் என்றே வைத்துக்கொள்வோம். தொண்ணூறு. பெங்களூர்க்காரர் யாரோ. ஒரு கோடி. மூன்றாம் வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஹைதராபாத்காரர், நகைக்கடைக்காரராம், அட்டையை ஈ ஓட்டுகிற மாதிரி அசைக்கிறார். நல்லது, அவரே எடுத்துக்கொண்டு போகட்டும். ஆனால் அவர் எடுத்துப்போனால் அதை இனி தொட முடியாது, ஹைதராபாத்தில் ஏதாவது கண்ணாடி அறையில் நிற்கும், அந்தப் பின்பக்கத் தகட்டை யார் யாரோ தடவுவார்கள். கை தூக்கியிருந்தது. அவருடைய கைதான், இருபத்தேழு என்று தலைக்கு மேல் நின்றது. எப்போது தூக்கினார். ஒன்று பத்து, நன்றி ஐயா என்றார் ஏலக்காரர்.

இனி சிஸ்டருக்குப் போன் போட வேண்டும். போட்டால் என்ன சொல்வது. சிஸ்டர், டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க, கூரையை அறுத்தது நான்தான்னு. சிஸ்டர் யாருடைய கூரை என்று கேட்பாள். அங்கே ஒருத்தன் இடுப்பெலும்பு திறந்து கிடக்கும், ரத்தத்துக்கு நடுவே அந்த அம்மா தலையை நிமிர்த்தி என்ன என்று கேட்பார், கவனம் பிசகும், அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவமும் இவர் தலையில். பார்த்தீர்களா, இதுவும் சாக்கு. ஹைதராபாத் ஒன்று இருபது. சிறுநீர் முட்டியது, காலையில் குடித்த காபி, இந்த வயதில் காபி குடிக்கலாமா. அவர் தூக்கினார், ஒன்று முப்பது, இந்தத் தடவை தெரிந்தே தூக்கினார் என்பது அவருக்கே பயமாக இருந்தது. அதில் என்ன தப்பு என்று ஒரு பக்கம் வாதாடியது. அந்த அம்மாவுக்கு வேண்டியது அழகான வண்டி, இது அழகான வண்டி. நிபுணரே சொல்லிவிட்டார், நிபுணருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும். தெரியும். எனக்குத் தெரியும். தினமும் காலையில் அந்த அம்மா வாசலில் நின்று, ஒட்டாத சாமான் ஒன்றாவது இருக்கிறதே என்று நிம்மதியாகப் பார்ப்பார், அது ஒட்டிய சாமான். இவர் வண்டியைத் துடைக்கப் போவார், காபி கொடுப்பார்கள், குடிப்பார், அண்ணா எப்படி இருக்கீங்க, கை எப்படி இருக்கு. எத்தனை வருடம் அந்தக் காபியைக் குடிப்பது. ஒன்று நாற்பது, ஹைதராபாத். பெங்களூர் அட்டையைக் கீழே போட்டுவிட்டது. பத்துப் பேர் திரும்பி இருபத்தேழாம் எண்ணைப் பார்த்தார்கள். ஒரு தரம் என்று ஏலக்காரர் இழுத்தார். ரெண்டு தரம் என்பதற்குள் குழந்தைவேலு எழுந்து நின்றுவிட்டார், அட்டை மடியிலிருந்து தரையில் விழுந்தது.

"ஐயா சொல்லுங்க, ஒன்றரையா?" என்றார் ஏலக்காரர்.

"இல்லீங்க. ஒரு விசயம் சொல்லோணும். இது திறந்த வண்டியே இல்லீங்க. கூரை இருந்த வண்டி. நான்தானுங்க அறுத்தேன்."

தன் குரல் இவ்வளவு மெலிசாகவா இருக்கும் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. பின்வரிசையில் எவனோ சிரித்தான், சிரிப்பு தொற்றிக்கொண்டது. ஏலக்காரரும் சிரித்தார், கெட்ட சிரிப்பில்லை, தினமும் பத்து விதமான ஆட்களைப் பார்க்கிறவரின் சிரிப்பு.

"ஐயா, நானும் சந்தையில வளர்ந்தவன்தான். மாட்டை வாங்கணும்னா பல்லு சரியில்லைம்பாங்க, சுழி சரியில்லைம்பாங்க. நாற்பதுல நிறுத்தணும்னு பார்க்கறீங்க."

"அதுக்கில்லீங்க. சத்தியமாச் சொல்றேன். எழுபத்தொம்பதுல, சிங்காநல்லூர்ல. எடது கதவுக்குக் கீழ வெரலை விட்டுப் பாருங்க, சுண்டக்காயாட்டம் பித்தளை நிக்கும். அது நான் தேய்க்காம உட்டது."

ஏலக்காரர் அதை மேடையோரம் உட்கார்ந்திருந்த பம்பாய் நிபுணரிடம் இங்கிலீஷில் சொன்னார். நிபுணர் எழுந்து, நெஞ்சில் கைவைத்து, குழந்தைவேலுவைப் பார்த்துப் பிரியமாகத் தலையசைத்தார். பேசினார். ஏலக்காரர் தமிழில் சொன்னார். பெரியவர் கூர்மையானவர், அந்தக் கட்டியைக் கண்டுபிடித்துவிட்டார். அது ஜெர்மன் தொழிலாளி தன் அடையாளமாக விட்டுவைத்தது, புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. நாற்பது வருடமாக இதே வேலையாக இருக்கிற நான் சொல்கிறேன், இப்படி ஒரு இணைப்பை ரோட்டோரப் பட்டறையில் செய்ய முடியாது. ரோட்சைடு என்ற சொல் நிபுணர் வாயிலிருந்து வந்தபோதே குழந்தைவேலுவுக்குப் புரிந்துவிட்டது, தமிழ் தேவைப்படவில்லை.

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தது தெரியவில்லை. உண்மையைச் சொல்லியாயிற்று, நெஞ்சு லேசாக வேண்டும், ஆகவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் எல்லோரும் எழுந்து திட்டுவார்கள், போலீஸ் வரும், டாக்டரம்மா அழுவார் என்றெல்லாம் மூன்று வாரமாக நினைத்துப் பயந்தாரே, இப்படிச் சிரித்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே. செய்ய முடியாதாம். நாலு ஜாக்கி வைத்துத் தூக்கினவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். ஈயம் தெறித்து முழங்கையில் இன்னும் மூன்று வெள்ளைப் புள்ளி இருக்கிறது, சட்டையைச் சுருட்டிக் காட்டவா. கபர்ஸ்தானிலிருந்து மஸ்தான் பாயை எழுப்பிக் கூட்டிவரவா. எந்த ஜெர்மன்காரனும் தறிச் சேனலை வளைத்திருக்க மாட்டான், அவனுக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார், நல்லா முயற்சி பண்ணீங்க என்று வேறு சொன்னார். ஹைதராபாத்காரர் திரும்பி இவரைப் பார்த்துச் சிரித்தபடி தன் அட்டையைத் தானே உயர்த்தினார், தன் விலைக்குத் தானே மேலே போய் ஒன்றரை, இப்போது அவருக்கு ஆசை முற்றிவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், இவன் எடுக்கக் கூடாது. சிரிக்கிறான். குழந்தைவேலு தூக்கினார். ஒன்று அறுபது. ஹைதராபாத் ஒன்று எழுபது. மணிக்கட்டுக்குள் ஆறு ஸ்க்ரூவும் தனித்தனியாக வலித்தன, தூக்கினார். ஒன்று எழுபத்தைந்து என்றார் ஏலக்காரர், ஒரு தரம், ரெண்டு தரம், ஹைதராபாத்காரர் உதட்டைப் பிதுக்கி அட்டையை மடியில் போட்டார், மூன்று தரம். அந்தச் சுத்தியல் நகைப் பட்டறைச் சுத்தியல் அளவுகூட இல்லை, அது விழுந்த சத்தத்தில் குழந்தைவேலுவின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. ஜனங்கள் கைதட்டினார்கள். யாருக்கு எடுத்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

வெளியே புல்தரைக்கு வந்து நின்றபோது போன் அடித்தது. சிஸ்டர்தான், இருங்க, டாக்டர் பேசறாங்க என்றாள். கையுறை கழற்றுகிற சத்தம், தண்ணீர் சத்தம்.

"எடுத்தாச்சா அண்ணா?"

"எடுத்தாச்சுங்க டாக்டரம்மா."

மறுமுனையில் மூச்சு விடுவது கேட்டது. இத்தோடு போனை வைத்துவிடலாம், சரிங்க சாயங்காலம் பேசறேன் என்றால் போதும்.

"அது கை வைக்காத வண்டி இல்லீங்க. கூரையோட இருந்தது. நான்தான் அறுத்து இப்படிப் பண்ணினேன். அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

தண்ணீர் சத்தம் நின்றது. டாக்டர் நோயாளியிடம் கேட்கிற குரலில் கேட்டார்.

"எங்கெங்க அறுத்தீங்க?"

"முன்கண்ணாடிக்கு மேல ரெண்டு பக்கமும், கதவுக்குப் பின்னால ரெண்டு, பின்னாடி முழுசா."

"கீழ என்ன குடுத்தீங்க?"

"தறிச் சேனலுங்க. ரெண்டு பக்கமும்."

"இத்தனை வருசத்துல எங்கயாவது விட்டுப்போச்சா?"

"ஒண்ணுகூட விடலீங்க."

"நான் போடறது இவ்வளவு நாள் நிக்கிறதில்லை" என்றார் டாக்டர். அந்த நேரத்திலும் குழந்தைவேலுவுக்குள் ஏதோ குளிர்ந்தது, குளிர்ந்ததே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. "அங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும் எந்திரிச்சுச் சொன்னேங்க. யாரும் நம்பலை."

"நான் நம்பறேன்."

நன்றி சொல்ல வேண்டுமா என்று குழந்தைவேலுவுக்குத் தெரியவில்லை.

"சொன்னதுக்கப்புறமுமா கையைத் தூக்குனீங்க?"

"ஆமாங்க."

"ஏன்?"

எதிரே வண்டி வெயிலில் மினுங்கிற்று. பொய் ஒன்று சுலபமாக வந்து நாக்கு நுனியில் நின்றது, உங்களுக்குப் பிடிச்சிருந்துதுங்களே என்று. அதை விழுங்கினார். "ரோட்டோரப் பட்டறையில இப்படிச் செய்ய முடியாதுன்னு சொன்னாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. களைத்துப்போன குரலாக இருந்தது. மூன்று மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்தவரின் குரல்.

"அவங்களுக்கு நீங்க பதில் சொல்லியாச்சு. என் பேர்ல சொல்லியாச்சு. சரி, வாக்குக் குடுத்தது நான், வண்டியை நான் எடுத்துக்கறேன். வேற ஆள் யாரையாவது விட்டு வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க. நீங்க கூட வர வேண்டாம் அண்ணா."

"சரிங்க."

"துடைக்கவும் வர வேண்டாம். நான் ஆள் பார்த்துக்கறேன்."

"சரிங்க டாக்டரம்மா."

"கை வலிச்சா ஆஸ்பத்திரிக்கு வாங்க. அது வேற."

போன் அணைந்த பிறகும் அவர் அதைக் காதிலேயே வைத்திருந்தார், எடுத்தால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நெஞ்சில் ஒரு பக்கம் ஓட்டையாகிவிட்ட மாதிரி காற்று போய் வந்தது. அந்த ஸ்டூலில் இனி அந்த அம்மா வந்து உட்கார மாட்டார் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது, வேறெதுவும் தெரியவில்லை. நிபுணரும் ஏலக்காரரும் ஹைதராபாத்காரரும் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள், ஒரு பத்திரிகைக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு கையை ஆட்டினார்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வண்டி முழுசா வரணும்."

குழந்தைவேலு இரண்டடி தள்ளி நின்றார். இன்னும் கொஞ்சம் என்றார் கேமராக்காரர். ஷூ கடித்த காலை இழுத்து இழுத்து, கண்ணாடிக் கதவு முதுகில் இடிக்கிற வரைக்கும் அவர் பின்னால் போனார்.